பெரிய சத்தமும் சின்னச் சத்தமும்



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருக்கிறவர்கள், வாங்கவோ விற்கவோ இருக்கிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள். போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தச் சின்னச் சிவப்புக் காரைப் பற்றி ஊரில் பலபேர் கேட்டார்கள். "என்ன சேர், ரேஸ் ஓடப் போறீங்களா?" என்று மாணவர்களும் கேட்டார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரம் இல்லை. அதோடு, அந்தக் காரின் சத்தத்தைத் தேடிப் போனதில் நாங்கள் கண்டுகொண்ட விடயம் மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் ஒன்று, கச்சேரியில் வேலை செய்கிற தம்பி ஒன்று, கத்தாரிலிருந்து வந்திருக்கிற மச்சான் ஒன்று. கார் மச்சானுடையது.

முதலில் காரைப் பற்றி. அது 1990ஆம் ஆண்டு மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர். வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5 என்றும் மியாட்டா என்றும் சொல்வார்கள். 1989இல் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட மாதிரி. இரண்டே இரண்டு இருக்கை, கூரையைப் பின்னால் மடிக்கலாம், லைட்டைப் போட்டால் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும். எஞ்சின் 1600 சீசிதான், நிறை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. எஞ்சின் முன்னுக்கு இருக்கும், ஓடுவது பின்சில்லு. 2016இல் இந்த வகைக் கார் பத்து இலட்சமாவது வண்டியைத் தாண்டியது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது இதுதான்.

மச்சான் இதை வாங்கியது பந்தாவுக்கு இல்லை. சின்ன வயதிலிருந்தே ஆசை. வாங்கி ஆறு மாதம் ஓடினார், பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டார். எட்டு மாதமாகக் கார் தறப்பாளுக்குக் கீழே நின்றது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து நாட்டில் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போனது எல்லாருக்கும் தெரியும். 2025இல் இறக்குமதியைத் திறந்த பிறகும் வரி காரணமாகப் புதுக் கார் சாதாரண ஆளுக்கு எட்டாத விலைதான். அதனால் இந்தக் கிழட்டுக் காருக்கும் நல்ல விலை கேட்டார்கள். தங்கச்சியின் வீட்டுக்கு இன்னும் கொன்கிரீட் தட்டுப் போடவில்லை, அவளுடைய நகையும் அடகில் கிடக்கிறது. காரை விற்பது என்று முடிவாகியது. கண்டியிலிருந்து ஒரு சகோதர இனத்தவர் படம் பார்த்துவிட்டு, இரண்டு கிழமையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

தறப்பாளை எடுத்து, பெட்டரி மாற்றி ஸ்டார்ட் பண்ணியதும்தான் பிரச்சினை. முன்பக்கம் எஞ்சினுக்குள் டிக் டிக் டிக் டிக் என்று தையல் மெஷின் ஓடுகிற மாதிரிச் சத்தம். அடுத்த வீட்டு மாமா வெளியில் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குப் பெரிய சத்தம்.

இரண்டு கராஜில் காட்டினோம். பெயர் தேவையில்லை. முதலாவது இடத்தில் பொனட்டைத் திறந்து அரை நிமிடம் கேட்டுவிட்டு, "ரொட் பெயாரிங் போயிட்டு, எஞ்சின் இறக்கணும், 4 இலட்சம் வரும்" என்றார்கள். இரண்டாவது இடத்தில், "விக்கிற வண்டிக்கு ஏன் செலவழிக்கிறீங்க? தடிப்பான ஒயில ஊத்தி, ஒரு மருந்தும் போட்டா ரெண்டு கிழமைக்குச் சத்தம் வராது. வாறவர் எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்கள்.

அன்று இரவு வீட்டில் இதுதான் பேச்சு. 4 இலட்சம் செலவழித்தால் தட்டு போடுகிற காசில் கை வைக்க வேண்டும். மருந்து ஊற்றி விற்றால் காசு முழுசாக வரும். மச்சானுக்கு லீவு முடிய இருபது நாள்தான் இருந்தது. அவருடைய அவசரம் எங்களுக்கும் விளங்கியது. ஆனால் வாப்பா ஒன்று கேட்டார். "வாறவர் அந்தக் கார எந்த ரோட்டால கொண்டு போவாரு?"

கண்டிக்குத்தான். அம்பாறை, மகியங்கனை, பிறகு பதினெட்டு வளைவு. அந்த ஏற்றத்தில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு வளைவு முடிய அடுத்த வளைவு, ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் பள்ளம். என்ன குறை என்று தெரியாத காரை, குறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஒரு மனிதனிடம் கொடுத்து அந்த ரோட்டில் அனுப்புவதா? குறையைச் சொல்லாமல் விற்பது கூடாது என்று மத்ரசாவில் ஓதுகிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் குறையைச் சொல்வதற்கு முதலில் குறை என்னவென்று எங்களுக்குத் தெரிய வேண்டுமே. எஞ்சினை இறக்கவும் இல்லை, மருந்து ஊற்றவும் இல்லை. முதலில் அந்தச் சத்தம் என்னவென்று கண்டுபிடிப்போம் என்று முடிவெடுத்தோம்.

அடுத்த நாள் எங்கள் பாடசாலையில் முன்பு படித்த ஒரு தம்பியைக் கூப்பிட்டோம். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் சரிவராமல் படிப்பை விட்டவர். கொழும்பில் ஏழு வருடம் கராஜில் நின்று, இப்போது ஊரில் சொந்தமாகச் சின்னக் கொட்டில் போட்டிருக்கிறார். வந்ததும் அவர் பொனட்டைத் திறக்கவில்லை. "சேர், என்ன சத்தம் எண்டு சொல்லாதீங்க. எப்ப வருது, எப்ப வராது எண்டு மட்டும் சொல்லுங்க" என்றார்.

இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைக்க வேண்டுமென்றால் அந்த வரியை வையுங்கள். ஒரு சத்தம் ஒருவருக்கு "டிக்", இன்னொருவருக்கு "டக்", மற்றவருக்கு "கட". பெயர் ஆளுக்கு ஆள் மாறும். எப்போது வருகிறது என்பது மாறாது.

வகுப்பில் ஒரு பிள்ளை சத்தமாகப் பதில் சொன்னால் மற்றப் பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். அதனால் இங்கே ஆளுக்கு ஒரு கடதாசி கொடுத்தோம். மச்சான், தம்பி, காரில் பக்கத்து இருக்கையில் போய்வந்த தங்கச்சி, எல்லாரும் தனித்தனியாக எழுத வேண்டும். கேள்விகள் இவைதான். எஞ்சின் குளிராக இருக்கும்போதா, சூடான பிறகா? கார் நிற்கும்போதும் வருகிறதா, ஓடும்போது மட்டுமா? எக்சிலேட்டர் மிதித்தால் கூடுகிறதா? கிளச் மிதித்தால் மாறுகிறதா? வளைவில் மாறுகிறதா? பிரேக் பிடித்தால்? குழியில் விழுந்தால்? முன்பக்கமா, பின்பக்கமா?

மச்சானும் தம்பியும் கிட்டத்தட்ட ஒன்றையே எழுதியிருந்தார்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது பலமாக வரும், நிற்கும்போதும் வரும், எக்சிலேட்டர் மிதித்தால் வேகமாகும், பதினைந்து இருபது நிமிடம் ஓடிச் சூடானால் குறையும் அல்லது நின்றுவிடும். தங்கச்சி அதை எழுதிவிட்டுக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருந்தாள். "60க்கு மேலே போனால் பின்னுக்கு யாரோ போத்தலுக்குள் ஊதுவது போல." அந்தத் தம்பி அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இதப் பிறகு பார்ப்பம். ஒண்டு ஒண்டாப் போவம்" என்றார்.

முதலில் டிக் டிக்.

குளிரில் வந்து சூட்டில் மறைகிற சத்தத்துக்கு முக்கியமாக மூன்று காரணம் இருக்கலாம் என்றார். எக்சோஸ்ட் மெனிபோல்ட் எஞ்சினோடு சேருகிற இடத்தில் காற்று ஒழுகலாம். இரும்பு சூடாகி விரிந்தால் அந்த இடைவெளி அடைபட்டுச் சத்தம் நிற்கும். பிஸ்டன் சிலிண்டருக்குள் கொஞ்சம் லூசாக இருந்து தட்டலாம். அதுவும் சூடானால் இறுகும். மூன்றாவது, வால்வுக்கு மேலே இருக்கிற ஒயில் கிண்ணங்கள். ரொட் பெயாரிங் என்றால் பொதுவாக இதற்கு நேர்மாறாக இருக்கும். எஞ்சின் சூடாக ஒயில் இளகும், ஒயில் இளக அந்த அடி கூடும், ஏற்றத்தில் இன்னும் கூடும். சத்தமும் டிக் என்று இருக்காது, கதவில் கையால் குத்துவது போல் கனமாக இருக்கும். கடதாசியில் உள்ளதை வாசித்த அளவிலேயே 4 இலட்சம் ரூபாய்க் காரணம் பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டது.

ஆனால் சந்தேகம் தீர வேண்டும். அதனால் நாலு விதமாகப் பார்த்தோம்.

ஒன்று, ஒயில் குச்சி. அளவு சரியாக இருந்தது, ஆனால் ஒயில் தார் மாதிரிக் கறுப்பு. விரலில் தேய்த்துப் பார்த்தால் பிசுபிசுப்பு. அதில் இரும்புத் தூளோ மினுங்கலோ இல்லை. அது நல்ல அறிகுறி.

இரண்டு, காது. நீளமான ஸ்க்ரூ ட்ரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, கைபிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது. பழைய பாஸ்மார் எல்லாம் செய்கிற வேலைதான். எங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள விடயமும் இதுதான். ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு 340 மீற்றர் அளவில் போகும், உருக்கில் 5000 மீற்றருக்கு மேலே போகும். திண்மத்தினூடாக வருகிற சத்தம் மற்றச் சத்தங்களோடு கலக்காமல் தெளிவாகக் கேட்கும். எஞ்சினின் அடிப்பக்கம் வைத்தால் சத்தம் மங்கல். மேலே வால்வு மூடியில் வைத்தால் காதுக்குள் சுத்தியல். அடுத்து ஒரு முழ ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் பிடித்து, மற்ற முனையை மெனிபோல்ட் ஓரமாகக் கொண்டு போனோம். காற்று ஒழுகினால் குழாய்க்குள் புஸ் புஸ் என்று கேட்கும். கேட்கவில்லை. ஓரத்தில் கரி படிந்த அடையாளமும் இல்லை. முதலாவது காரணம் போய்விட்டது. (இதைச் செய்கிறவர்கள் சட்டைக் கையை மடித்துவிடுங்கள். ஓடுகிற பெல்ட்டுக்கும் பேனுக்கும் பக்கத்தில் தலையைக் கொண்டு போகாதீர்கள்.)

மூன்று, எண்ணிப் பார்ப்பது. இது எங்களுடைய பங்கு. நாலடிப்பு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்ற, வால்வைத் திறக்கிற கெம் தண்டு ஒரு சுற்றுத்தான் சுற்றும். குளிரில் அந்தக் கார் 1200இல் நின்றது. அதாவது 10 செக்கனில் கிராங்க் 200 சுற்று, கெம் 100 சுற்று. சத்தம் கெம்மோடு சேர்ந்தது என்றால் 10 செக்கனில் 100 டிக் வர வேண்டும். போனில் 10 செக்கன் பதிவு செய்து, நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டு, மூன்று பேரும் கடதாசியில் கோடு போட்டு எண்ணினோம். மூன்று பேருக்கும் நூறுக்குப் பக்கத்தில்தான் வந்தது. சத்தம் எஞ்சினின் மேல்மாடியிலிருந்துதான் வருகிறது என்பதற்கு இது இன்னொரு சாட்சி. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிஸ்டன் பக்கத்துச் சத்தமும் சிலவேளை எரிகிற அடிக்கு மட்டும் கேட்டு அதே கணக்கில் வரலாம்.

அதனால் நாலாவது. எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெற்றோல் கொடுக்கிற இஞ்செக்டரின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினார் அந்தத் தம்பி. கழற்றினால் அந்தச் சிலிண்டரில் எரிவு இல்லை, பிஸ்டனை அழுத்துகிற விசை இல்லை. ரொட் பெயாரிங்கோ பிஸ்டனோ தட்டுகிறது என்றால் அந்த நேரம் சத்தம் குறையும் அல்லது மாறும். நாலு சிலிண்டருக்கும் பார்த்தோம். எஞ்சின் நொண்டியது, டிக் டிக் அப்படியே இருந்தது. (இதை வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம், வேலை தெரிந்தவரே செய்யட்டும்.)

மிஞ்சியது மூன்றாவது காரணம். இந்த எஞ்சினில் 16 வால்வு. ஒவ்வொரு வால்வுக்கும் மேலே சின்ன உருக்குக் கிண்ணம். அதற்குள் ஒயில் நிரம்பி, கெம்முக்கும் வால்வுக்கும் இடையில் வெளி இல்லாமல் வைத்திருக்கும். எட்டு மாதம் நின்றதில் ஒயில் வடிந்து, பழைய பிசின் அந்தச் சின்னத் துவாரங்களை அடைத்தால் கிண்ணம் நிரம்பச் சுணங்கும். வெளி விழும், கெம் அதைத் தட்டும், டிக் டிக். சூடானதும் ஒயில் இளகி உள்ளே போய் நிரம்பும், சத்தம் நிற்கும். எல்லாம் கடதாசியில் எழுதியதோடு பொருந்தியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தடிப்பான ஒயில் ஊற்றச் சொன்னார்களே, அது சூட்டில் சத்தத்தை அமத்தலாம். ஆனால் குளிரில் அந்தத் தடிப்பான ஒயில் இந்தச் சின்னத் துவாரத்துக்குள் போக இன்னும் சுணங்கும். காருக்கு உரிய 10டபிள்யூ30 ஒயிலும் புது ஒயில் பில்டரும்தான் போட்டோம். 300 கிலோமீற்றர் ஓடி, அந்த ஒயிலையும் வடித்து மறுபடி புதிது ஊற்றினோம். ஒரு கிழமையில் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பத்துச் செக்கன் டிக் டிக், பிறகு அமைதி. மொத்தச் செலவு இரண்டு தரம் ஒயில், இரண்டு பில்டர், அந்தத் தம்பியின் கூலி. 4 இலட்சம் சொன்னவர் பொய் சொன்னார் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்து வாகனம் வரிசையில் நிற்கும்போது அரை நிமிடம்தான் ஒரு சத்தத்துக்குக் கிடைக்கிறது. எப்போது வருகிறது என்று கேட்க அங்கே நேரம் இல்லை.

மச்சானுக்குச் சந்தோசம். "அல்ஹம்துலில்லாஹ், கண்டிக்காரருக்கு கோல் எடுப்பமா?" என்றார். அந்தத் தம்பி சட்டைப் பையிலிருந்து தங்கச்சியின் கடதாசியை எடுத்தார்.

சனிக்கிழமை சுபஹுத் தொழுதுவிட்டு, ரோட்டில் வாகனம் வருவதற்கு முன்னம் காரைதீவிலிருந்து அம்பாறை ரோட்டில் போனோம். சம்மாந்துறை தாண்டினால் இரண்டு பக்கமும் வயல், நேரான நல்ல ரோட்டு, ஆள் நடமாட்டம் குறைவு. இரண்டு இருக்கைதானே. தம்பி ஓட்ட, அந்தப் பொடியன் பக்கத்தில், நாங்கள் மற்றவர்கள் மோட்டார் சைக்கிளில் பின்னால். பிறகு ஆள் மாறி மாறி இருந்து கேட்டோம்.

60இல் கேட்கத் தொடங்கியது. சின்னச் சத்தம். ரேடியோ போட்டிருந்தால் கேட்காது. ஊம் என்று ஒரே சீராக. 70இல் கொஞ்சம் உயர்ந்தது.

முதல் சோதனை, 70இல் கிளச்சை மிதித்து எஞ்சினைச் சும்மா விடுவது. எஞ்சின் சுற்று இறங்கியது, ஊம் இறங்கவில்லை. ஆகவே அது எஞ்சினோடு சேர்ந்தது இல்லை, சில்லோடு சேர்ந்தது. கார் நிற்கும்போது எஞ்சினை எவ்வளவு உறுமவிட்டாலும் அந்தச் சத்தம் வராது.

இரண்டாவது, எக்சிலேட்டரை மிதிப்பதும் விடுவதும். பின்பக்க டிபரன்சல் பல்லுச் சத்தம் என்றால் மிதிக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது ஒரு மாதிரி இருக்கும். மாறவில்லை.

மூன்றாவது, டயரா என்று பார்ப்பது. டயர்ச் சத்தம் ரோட்டின் தரை மாறினால் மாறும். புதுத் தாரிலும் பழைய கரடுமுரடான இடத்திலும் ஓடிப் பார்த்தோம். ஒரே ஊம்தான்.

நாலாவதுதான் கதையை முடித்தது. ரோட்டு வெறுமையாக இருக்கிற இடத்தில், 60இல், காரை மெதுவாக இடப்பக்கமும் வலப்பக்கமும் அசைப்பது. இடப்பக்கம் திருப்பினால் நிறை வலப்பக்கச் சில்லுகளில் விழும். இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடியது. வலப்பக்கம் திருப்பும்போது கிட்டத்தட்ட நின்றது. மூன்று தரம் செய்தோம், மூன்று தரமும் அப்படியே. அந்தத் தம்பி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். "வலது பின் சில்லு, சேர். பெயாரிங்" என்றார்.

கொட்டிலுக்கு வந்து, முன்சில்லுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் விட்டோம். இடது பின்சில்லைச் சுற்றிக்கொண்டு அதன் ஸ்பிரிங்கில் கையை வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. வலது சில்லைச் சுற்றிக்கொண்டு வலது ஸ்பிரிங்கில் கை வைத்தால், உள்ளங்கையில் மணல் அரைபடுகிற மாதிரி அதிர்வு. சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் மயிரிழை ஆட்டம். கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் கரைந்து, உள்ளே துரு நிறம், குண்டுகள் ஓடுகிற பாதையில் சின்னச் சின்னப் பள்ளம். எப்போதோ தண்ணீர் போயிருக்கிறது. மார்கழி மழையில் ரோட்டில் நிற்கிற தண்ணீருக்குள் வாகனம் ஓட்டுகிற எங்கள் கரையோர ஊர்களில் இது புதுமையான விடயம் இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஊரைக் கூட்டிய டிக் டிக் சத்தத்தால் வழியில் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அதோடு வருடக்கணக்காக ஓடுகிற கார்கள் இருக்கின்றன. ரேடியோவுக்குக் கீழே மறைந்து கிடந்த ஊம் சத்தம்தான் ஆபத்து. தேய்ந்த பெயாரிங் சூடேறும், ஆட்டம் கூடும், கடைசியில் இறுகிப் பிடிக்கலாம், அல்லது சில்லே கட்டுப்பாட்டை விட்டுப் போகலாம். ஒவ்வொரு இடது வளைவிலும் நிறை விழுவது அந்தச் சில்லில்தான். பதினெட்டு வளைவில் எத்தனை இடது வளைவு என்று கணக்குப் பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

கொழும்பிலிருந்து பெயாரிங் எடுப்பித்துப் பூட்டினோம். பூட்டியபின் அதே ரோட்டில், அதே வேகத்தில், அதே மாதிரி அசைத்து ஓடிப் பார்த்தோம். காற்றுச் சத்தம் மட்டும்தான்.

கண்டிக்காரர் சொன்ன நாளில் அவருடைய மகனோடு வந்தார். மச்சான் அவரை இருக்க வைத்து, தேத்தண்ணி கொடுத்து, இரண்டு சத்தத்தைப் பற்றியும் சொன்னார். முழுக்க ஆறிய எஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினோம், அந்தப் பத்துச் செக்கன் டிக் டிக்கை அவர் தன் காதால் கேட்கட்டும் என்று. ஒரு காலத்தில் அந்தக் கிண்ணங்களை மாற்ற வேண்டி வரலாம் என்றும் சொன்னோம். கழற்றிய பழைய பெயாரிங்கைக் கையில் கொடுத்தோம். அவர் அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் சுற்றிச் சுற்றிக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தக் கிண்ணங்களுக்காக 25,000 குறைக்கச் சொன்னார். மச்சான் குறைத்தார். பழைய பெயாரிங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இரவு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கோல் எடுத்தார். அந்தக் கோல் வரும்வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வந்த காசில் தங்கச்சியின் நகை அடகிலிருந்து மீண்டது. தட்டுக்குக் கம்பியும் சீமெந்தும் இறக்கியாயிற்று, மிச்சத்துக்கு மச்சான் இன்னும் ஒரு வருடம் கத்தாரில் நிற்க வேண்டும். மருந்து ஊற்றி விற்றிருந்தால் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் மலைநாட்டு விபத்துச் செய்தி வரும் ஒவ்வொரு தரமும் காரின் நிறம் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வந்திருக்கும்.

நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

வாகனத்தில் புதுச் சத்தம் கேட்டால் கராஜுக்குப் போகுமுன் ஒரு கடதாசியில் எழுதுங்கள். எப்போது, எந்த வேகத்தில், குளிரிலா சூட்டிலா, எந்தப் பக்கம் திரும்பும்போது. முடிந்தால் போனில் பதிவு செய்யுங்கள். எஞ்சின் சுற்றோடு கூடிக் குறைந்தால் எஞ்சின் பக்கம் பாருங்கள், ஓடுகிற வேகத்தோடு கூடிக் குறைந்தால் சில்லுப் பக்கம் பாருங்கள். பக்கத்து இருக்கையில் இருக்கிற பெண்களிடமும் பின்னால் இருக்கிற பிள்ளைகளிடமும் கேளுங்கள். ஓட்டுகிறவருக்குக் கேட்காதது அவர்களுக்குக் கேட்கும். சைவமோ முஸ்லிமோ சிங்களமோ, வாங்குகிறவர் யாராக இருந்தாலும் தெரிந்த குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் உரிய விடயமில்லை இது. உங்கள் த்ரீவீலுக்கும், பிள்ளைகளை ஏற்றுகிற பாடசாலை வேனுக்கும் இதே சோதனைகள்தான். வேன் ஓட்டுகிற சகோதரர்கள் கிழமைக்கு ஒருநாளாவது வெறும் வேனை, ரேடியோவை நிப்பாட்டி, ஒருக்கா ஓட்டிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, பெற்றோருக்கும் எங்கள் ஆசிரியர் நண்பர்களுக்கும். சாதாரண தரத்தில் விஞ்ஞானம் கிடைக்கவில்லை என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒதுக்கிவிட்ட பிள்ளைகளில் ஒருவர்தான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சில்லைச் சொன்னார். விசை, அதிர்வு, ஊடகம், மீடிறன் எல்லாம் அவருடைய காதிலும் கையிலும் இருக்கின்றன. அவரை அடுத்த மாதம் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒலிப் பாடம் எடுக்கும் நாளில் வரச் சொல்லியிருக்கிறோம். அதிபரும் சம்மதித்துவிட்டார். ஸ்க்ரூ ட்ரைவரோடும் ரப்பர்க் குழாயோடும் வருவார், இன்ஷா அல்லாஹ்.

பயன் என்று நினைத்தால் வாகனம் வைத்திருக்கிற நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள்.